“நடந்து உள்ள போன அப்பா ஒரு மணி நேரத்துல எப்படி இல்லாம போவார்?”

இந்த வாரம் வந்த கடிதங்கள்ல ஒன்னு மட்டும் ரெண்டு நாளா என் மேஜை மேலயே கிடந்துச்சு. என்ன சொல்லணும்னு தெரியும், எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல.

எழுதினவங்க 27 வயசுப் பொண்ணு. அப்பாவுக்கு 53 வயசு, பத்து வருஷமா சுகர். மூணு மாசம் முன்னாடி ஒரு ராத்திரி 9 மணி வாக்குல மேல்வயிறு எரியுதுன்னு சொல்லியிருக்கார், லேசா வேர்த்திருக்கு, இவங்கதான் “கேஸா இருக்கும்ப்பா”ன்னு ஒரு மாத்திரையைக் குடுத்துப் படுக்க வெச்சிருக்காங்க. விடியக்காலை 4 மணிக்கு மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்துட்டார், படுக்கவே முடியல. அண்ணன் காரை எடுத்துக்கிட்டு பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார், கார்ல இருந்து எமர்ஜென்சி வாசல் வரைக்கும் அப்பாவே நடந்திருக்கார். 4.40க்கு உள்ள போனவர் 5.40க்கு இறந்துட்டார்னு வெளிய வந்து சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் வீட்ல ஆளுக்கொரு பேச்சு. ஊசி போட்ட ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணு மேல சொருகிடுச்சு, ஊசிதான் கொன்னுச்சுன்னு அண்ணன் சொல்றார். தொண்டையில ட்யூப் போட்டதுமே முடிஞ்சு போச்சுன்னு அத்தை. பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரா போயிருக்கணும், கேஸ் போடணும்னு சித்தப்பா. அம்மா எதுவும் பேசறதில்ல, ஆனா அப்பா நெஞ்சுல நீலம் பாரிச்சிருந்ததைப் பார்த்துட்டு “அவரை அடிச்சிருக்காங்க”ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாங்களாம். சர்டிபிகேட்ல காரணம்னு போட்டிருக்கிற இடத்துல ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’னு மட்டும் இருக்கு. போஸ்ட்மார்ட்டம் வேணுமான்னு கேட்டப்ப வேண்டாம்னுட்டாங்க. இவங்க கேட்கறது இது: அப்பா உண்மையிலேயே எதனால போனார், நான் அந்த மாத்திரை குடுக்காம அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பாரா?

கடிதத்தோட ஆஸ்பத்திரி குடுத்த ஒன்றரைப் பக்க சம்மரியையும் வரி விடாம டைப் பண்ணி அனுப்பியிருந்தாங்க. அது இருந்ததாலதான் இந்த அளவுக்குத் தெளிவா பதில் எழுத முடியுது.

இனி உங்ககிட்ட நேரா பேசறேன்மா.

நான் எமர்ஜென்சியில வேலை பார்க்கற டாக்டர். உங்க வீட்ல நடக்கற இந்தப் பேச்சு, ஒவ்வொரு சாவுக்கு அப்புறமும் ஏதாவது ஒரு வீட்ல நடக்குது. அதுல ஒரு பொதுவான விஷயத்தைப் பார்க்கறேன். எல்லாரும் கடைசி இருபது நிமிஷத்துல காரணத்தைத் தேடறாங்க, ஏன்னா அந்த இருபது நிமிஷம்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. ஊசி தெரிஞ்சது, ட்யூப் தெரிஞ்சது, ஓடி வந்த நர்ஸ் தெரிஞ்சாங்க. அதுக்கு முன்னாடி ஏழெட்டு மணி நேரமா உள்ள நடந்துக்கிட்டிருந்தது யாருக்கும் தெரியல, உங்க அப்பாவுக்கே தெரியல.

சம்மரியில இருக்கறதை உங்க பாஷையில சொல்றேன். 4.46க்கு இசிஜி எடுத்திருக்காங்க, அதாவது உள்ள வந்த ஆறாவது நிமிஷம். நெஞ்சு சம்பந்தமான தொந்தரவோட வர்றவங்களுக்கு 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி எடுக்கணும்கறதுதான் உலகம் பூரா இருக்கற கணக்கு, அது சரியா நடந்திருக்கு. அந்த இசிஜியில இதயத்தோட முன்சுவர்ல பெரிய அட்டாக். ஆக்சிஜன் அளவு 84, பல்ஸ் 124, பிபி 140க்கு 100, நுரையீரல்ல ரெண்டு பக்கமும் நீர் கோத்துக்கிட்ட சத்தம். 4.50க்கு ஆஸ்பிரின் மென்னு முழுங்க வெச்சிருக்காங்க. 4.53க்கு ஒரு ஊசி. 4.56க்கு ‘விஎஃப்’ (அது என்னன்னு கீழ சொல்றேன்). 4.57க்கு முதல் ஷாக். அதுல இருந்து 5.40 வரைக்கும் சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கறது, நடுவுல ட்யூப், அஞ்சு ஷாக்.

நடந்து வந்தவர் எப்படி போவார்

ஹார்ட் அட்டாக்கும் கார்டியாக் அரெஸ்ட்டும் ஒன்னு இல்ல, ஜனங்க ரெண்டையும் ஒன்னாதான் சொல்றாங்க, பேப்பர்லயும் அப்படியேதான் போடறாங்க. அட்டாக்ன்னா இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய் அடைச்சுக்கறது. அடைச்ச பிறகும் இதயம் துடிச்சுக்கிட்டேதான் இருக்கும், ஆள் பேசுவார், நடப்பார், ஃபோன்ல ஆபீசுக்கு லீவு கூட சொல்லுவார். அரெஸ்ட்ன்னா துடிப்பே நின்னு போறது. அட்டாக் வந்த இதயத்துல ரத்தம் கிடைக்காத தசை துடிப்போட ஒழுங்கைக் குலைச்சு விட்டுரும், அப்போ இதயம் துடிக்காம, புழுக்கூட்டம் நெளியற மாதிரி வெறுமனே நடுங்கிக்கிட்டு இருக்கும். அந்த நடுக்கம்தான் சம்மரியில இருக்கற விஎஃப், முழுப் பேரு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். அது ஆரம்பிச்ச பத்துப் பதினஞ்சு செகண்டுக்குள்ள நினைவு போயிடும், கண்ணு சொருகிடும். முன் அறிவிப்பே இருக்காது. அதனால நடந்து வந்தார், பேசினார்ங்கறது நல்ல நிலைமையில இருந்தார்ங்கறதுக்கு சாட்சி ஆகாது. உட்கார்ந்தே மூச்சு விட்டுக்கிட்டு, 84 ஆக்சிஜனோட அவர் நடந்தது உடம்போட கடைசிக் கையிருப்பை எடுத்துச் செலவு பண்ணித்தான்.

எமர்ஜென்சிக்கு இப்படி நல்லா பேசிக்கிட்டு வந்து திடீர்னு போறவங்க நிறைய, அதுக்குப் பின்னாடி பலவிதமான காரணம் இருக்கு. கால்ல கட்டின ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கறது ஒன்னு. பெருந்தமனியோட உள்சுவர் கிழியறது இன்னொன்னு, இதயத்துக்குப் பக்கத்துலயே கிழிஞ்சா ஆரம்பத்துல ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூத்துல ஒன்னு ரெண்டு பேர் வீதம் இறந்துக்கிட்டே போவாங்கன்னு எங்களுக்குப் பாடத்துலயே வரும். விபத்துல அடிபட்டவர் “எனக்கு ஒன்னும் இல்லை”ம்பார், வயித்துக்குள்ள ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சவர் தலைவலின்னு சொல்லிக்கிட்டே வருவார். அப்புறம் செப்சிஸ், கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பரவி உறுப்பெல்லாம் ஒன்னொன்னா படுத்துக்கறது. 2017ல மட்டும் உலகத்துல கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் சாவு செப்சிஸோட சம்பந்தப்பட்டதுன்னு கணக்கு, அதாவது அஞ்சு சாவுல ஒன்னு. வயசானவங்களுக்கு அதுல காய்ச்சலே இருக்காது, சும்மா உளறுவாங்க, சாப்பிட மாட்டாங்க, வீட்ல வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. செப்சிஸ் கணக்கு வேற நோயோட சேர்ந்து வந்த சாவையும் சேர்த்தது, நோய் நோயா தனித்தனியா எண்ணினா முதல் இடம் இதயத்துக்குத்தான், உலகத்துல நடக்கற மொத்த சாவுல 100க்கு 13 இதய ரத்தக்குழாய் அடைப்பாலன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அந்த ஊசி

4.53க்குப் போட்டது ஃபுரோசமைட், நுரையீரல்ல கோத்துக்கிட்ட நீரைச் சிறுநீரா வெளியேத்தறதுக்கு. அந்த நிலைமையில எந்த எமர்ஜென்சியிலயும் கை போற மருந்துதான். ஊசியால சாவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், வரும். அலர்ஜி உச்சத்துக்குப் போய் ஆளே போறது நிஜம், ஊசி மருந்துல வந்தா சில நிமிஷத்துக்குள்ளயே நடந்துரும், அதனால அண்ணன் சந்தேகப்பட்டது முட்டாள்தனம் கிடையாது. ஆனா அப்படி நடந்தா பெரும்பாலும் அதுக்குன்னு அடையாளம் இருக்கும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு, முகம் வீக்கம், பிபி சட்டுனு இறங்கறது, மூச்சுல விசில் சத்தம். சம்மரியில இது எதுவும் இல்ல, கூடவே நின்ன அண்ணனும் கண்ணு சொருகினதைத் தவிர வேற எதையும் சொல்லல. பதிவாகியிருக்கறது விஎஃப், ஊசிக்கு ஏழு நிமிஷம் முன்னாடியே எடுத்த இசிஜியில அதுக்கான காரணம் கொட்டை எழுத்துல இருக்கு. காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொன்னா அண்ணனுக்குக் கோவம் வரும், ஆனா நான் படிச்ச வரைக்கும் அதுதான்.

அதுக்கப்புறம் “ஊசி மேல ஊசியா குத்தினாங்க”ன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அது பெரும்பாலும் அட்ரினலின், நின்ன இதயத்தைத் தூண்டறதுக்கான மருந்து. சிபிஆர் நடக்கறப்ப 3ல இருந்து 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை 1 மில்லிகிராம் போகும். 44 நிமிஷத்துல எத்தனை தடவைன்னு நீங்களே கணக்குப் பண்ணிக்கலாம். ட்யூபும் அப்படித்தான், மூச்சு நின்னதுக்கு அப்புறம் போட்டது. அத்தை வரிசையைத் தலைகீழா பார்த்திருக்காங்க. எல்லா வீட்லயும் இது நடக்கும், ஏன்னா வெளிய நிக்கறவங்களுக்கு சேதி எப்பவும் பின்னாடிதான் வரும், “ட்யூப் போட்டிருக்கோம்”னு வந்து சொல்றப்ப அரெஸ்ட் ஆகி பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அம்மா பார்த்த நீலம்

இதை அம்மாகிட்ட நீங்க உட்கார்ந்து பொறுமையா சொல்லணும். சிபிஆர் டிவியில காட்டற மாதிரி மெல்லமா அமுக்கறது கிடையாது. உள்ளங்கையோட அடிப்பாகத்தை நெஞ்செலும்பு மேல வெச்சு, 5 சென்டிமீட்டர் உள்ள போற அளவுக்கு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அமுக்கணும். அவ்வளவு வேகமா அமுக்கறவர் ரெண்டு நிமிஷத்துல களைச்சிடுவார், அடுத்தவர் மாறணும், கட்டில் உயரம்னா ஸ்டூல் மேல ஏறி நின்னு அமுக்குவாங்க. பெரியவங்களுக்கு விலா எலும்பு முறியறது ரொம்ப சாதாரணம், முதல் சில அமுக்குலயே மளுக்னு கையில தெரியும், தெரிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. அந்த உணர்வு எனக்கு இத்தனை வருஷத்துல பழகவே இல்ல. அம்மா பார்த்த நீலம் அதோடது. வலது தோளுக்குக் கீழயும் இடது விலாப் பக்கத்துலயும் சதுரமா சிவந்த தடம் இருந்திருந்தா அது ஷாக் குடுக்க ஒட்டின பேடோடது. யாரும் அடிக்கலமா. 44 நிமிஷம் அமுக்கியிருக்காங்க, 53 வயசுங்கறதால விட மனசு வராம அமுக்கியிருக்காங்க.

ராத்திரியே போயிருந்தா

நீங்க உண்மையா கேட்கற கேள்வி இதுதான், மத்ததெல்லாம் இதைச் சுத்தித்தான் இருக்கு. அதனால சமாதானத்துக்காக எதையும் சொல்லப் போறதில்ல.

9 மணிக்கே போயிருந்தா வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும். அடைப்பை எடுக்கற சிகிச்சை, அது ஆஞ்சியோ பண்ணி பலூன் போடறதா இருந்தாலும் சரி, கட்டியைக் கரைக்கற ஊசியா இருந்தாலும் சரி, எவ்வளவு சீக்கிரம் நடக்குதோ அவ்வளவு தசை பிழைக்கும். ஏழரை மணி நேரம்ங்கறது பெரிய தாமதம். இதை மறைச்சு “எப்படியும் போயிருப்பார்”னு நான் எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க, நம்பினாலும் அது பொய்.

ஆனா உங்க கேள்வியில ஒரு கணக்கு தப்பா இருக்கு. 9 மணிக்கே அது இதயம்னு தெரிஞ்சிருந்தும் நீங்க மாத்திரை குடுத்த மாதிரி எழுதியிருக்கீங்க. அன்னைக்கு உங்க முன்னாடி இருந்தது வயித்தெரிச்சலும் கொஞ்சம் வேர்வையும். பல வருஷமா சுகர் இருக்கறவங்களுக்கு நரம்பு மழுங்கிப் போயிருக்கும், நெஞ்சு வலிங்கற எச்சரிக்கை மணியே அடிக்காம மேல்வயிறு, தாடை, களைப்பு, மூச்சிரைப்புன்னு வேற வேஷத்துல வரும். பொம்பளைங்களுக்கும் வயசானவங்களுக்கும் கூட இப்படி வரும். அந்த வேஷத்துல டாக்டருங்களே ஏமாறறாங்க.

நான் ஏமாந்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், ராத்திரி டியூட்டி. நாப்பத்தி சொச்சம் வயசு ஆள், சாப்பிட்டதுல இருந்து நெஞ்சுக்குழி எரியுதுன்னார், நடுநடுவுல ஏப்பம் வேற விட்டுக்கிட்டிருந்தார். இசிஜி எடுத்தேன், நார்மல். கேஸுக்கு ஊசி போட்டேன், அரை மணி நேரத்துல தேவலைன்னார், எனக்கே கை குலுக்கிட்டுப் போனார். காலைல டியூட்டி முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அதே சட்டையோட ஸ்ட்ரெச்சர்ல வந்தார். அவரைத் திரும்பக் கொண்டு வர முடியல. முதல் இசிஜி நார்மலா இருக்கலாம், கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எடுக்கணும், இதயத் தசை சேதத்தைக் காட்டற ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனையும் ஆரம்பத்துல நார்மலா வரலாம், அதையும் சில மணி நேரத்துல திரும்பப் பார்க்கணும், இதெல்லாம் புஸ்தகத்துல படிச்சிருந்தேன், அன்னைக்குச் செய்யல. இவ்வளவு படிச்ச நான், கையில இசிஜி மெஷினோட, கேஸ்னு சொன்னேன். நீங்க வீட்ல, கையில எதுவும் இல்லாம, அதையேதான் சொல்லியிருக்கீங்க. என் தப்பை நான் தப்புன்னுதான் சொல்லுவேன், ஏன்னா எனக்கு வழி இருந்தது. உங்களோடதை அந்தப் பேரால கூப்பிட என்னால முடியல.

சித்தப்பா சொல்ற பெரிய ஆஸ்பத்திரி விஷயத்துக்கும் வரேன். அது அங்கிருந்து இன்னும் அரை மணி நேர தூரம்னு எழுதியிருக்கீங்க. உங்க அப்பாவுக்கு அரெஸ்ட் ஆனது பக்கத்து ஆஸ்பத்திரிக்குள்ள போன 16ஆவது நிமிஷம். நேரா அங்க போயிருந்தா அது காரோட பின் சீட்ல ஆகியிருக்கும், அண்ணன் ஸ்டியரிங்ல, நீங்க அவரை மடியில பிடிச்சுக்கிட்டு. விஎஃப் வந்தவருக்கு சிபிஆரும் ஷாக்கும் இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு 7ல இருந்து 10 சதவீதம் குறையுது. பக்கத்துல போனதால ஒரே நிமிஷத்துல ஷாக் கிடைச்சது. அவருக்குக் கிடைக்கக் கூடியதுலயே நல்ல வாய்ப்பு அங்கதான் கிடைச்சது, தசை ஏற்கெனவே ரொம்பப் போயிட்டதால இதயம் ஒழுங்குக்கு வந்து வந்து திரும்ப நடுங்கியிருக்கு, கடைசியில கோடு நேராயிடுச்சு. (கோடு நேரானதுக்கு அப்புறம் ஏன் ஷாக் குடுக்கலன்னு அண்ணன் கேட்டாராம். நேர்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது, தாறுமாறான துடிப்பை அடக்கத்தான் ஷாக். சினிமாவுல வேற மாதிரி காட்டிப் பழக்கிட்டாங்க.) கார்ல போனதுக்குப் பதிலா ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமேன்னு கேட்டா, ஆமா, ஷாக் மெஷினும் ஆளும் இருக்கற ஆம்புலன்ஸ் சீக்கிரம் வர்ற இடமா இருந்தா அதுதான் சரி. இது இனிமேலுக்கு.

அப்போ ஆஸ்பத்திரி பக்கம் தப்பே இல்லையா

சிகிச்சையில நான் பார்த்த வரைக்கும் பெரிய ஓட்டை தெரியல. பொதுவா கேட்டீங்கன்னா, எமர்ஜென்சியில தப்பால சாவு வரத்தான் செய்யுது. நான் சொன்ன என் கதை மாதிரி வீட்டுக்கு அனுப்பிடறது, செப்சிஸ் நோயாளிக்கு முதல் மணி நேரத்துல போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் நாலாவது மணி நேரத்துல போறது, ட்யூப் மூச்சுக்குழாய்க்குப் பதிலா உணவுக்குழாய்க்குப் போயும் யாரும் கவனிக்காம விடறது. அதை விட சத்தமில்லாத காரணம் ஒன்னு இருக்கு, கூட்டம். இங்கிலாந்துல 2022ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, வந்ததுல இருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேலயும் வார்டுல படுக்கை கிடைக்காம எமர்ஜென்சியிலயே காத்திருந்தவங்கள்ல, 82 பேருக்கு ஒருத்தர் வீதம் கூடுதலா இறந்தாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. யார் மேலயும் விரல் நீட்ட முடியாத சாவு அது. உங்க அப்பா விஷயத்துல காத்திருப்பே இல்ல, ஆறு நிமிஷத்துல இசிஜி ஆயிருக்கு.

ஆனா ரெண்டு விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு.

முதல்ல சர்டிபிகேட். கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்ன்னா இதயமும் மூச்சும் நின்னுச்சுன்னு அர்த்தம். யார் செத்தாலும் அது ரெண்டும் நிக்கத்தான் செய்யும், அது காரணம் ஆகாது. காரணத்தை ஒரு சங்கிலியா எழுதணும்னுதான் உலக சுகாதார நிறுவனத்தோட படிவம் இருக்கு: மேல் வரியில கடைசியா கொன்னது, அதுக்குக் கீழ அதை உண்டாக்கினது, எல்லாத்துக்கும் அடியில மூலகாரணம், தனிப் பகுதியில துணை நின்ன நோய்ங்க. நான் எழுதியிருந்தா உங்க அப்பாவுக்கு மேல வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், கீழ முன்சுவர் ஹார்ட் அட்டாக், அதுக்கும் கீழ இதய ரத்தக்குழாய் நோய், துணையா சர்க்கரை நோய்னு போட்டிருப்பேன். அந்த நாலு வரி இருந்திருந்தா உங்க வீட்ல பாதி சண்டை வந்திருக்காது. இன்சூரன்ஸ் பேப்பருக்கும் அது வேணும். எழுதின டாக்டர்கிட்டயே திருத்தம் கேட்கலாம், மரியாதையா எழுத்துல கேளுங்க.

ரெண்டாவது, உங்களை வெளிய நிறுத்தி 44 நிமிஷமும் யாரும் நின்னு விளக்கிப் பேசாதது. “உள்ள ஒருத்தர் ஒன்னு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தது மட்டும் கேட்டுச்சு”ன்னு எழுதியிருக்கீங்க. சொந்தக்காரங்க உள்ள இருந்தா வேலை கெடும்னு நாங்களும் ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தோம். பிரான்ஸ்ல 570 குடும்பத்தாரை வெச்சு நடத்தி 2013ல வெளியான ஆய்வுல, வீட்ல நடந்த சிபிஆரைக் கூட இருந்து பார்க்கச் சம்மதம் கேட்கப்பட்டவங்களை விட அப்படிக் கேட்கப்படாதவங்களுக்குத்தான் மூணு மாசம் கழிச்சு மனசுல காயம் கூடுதலா இருந்துச்சு, சிகிச்சைக்கும் எந்த இடைஞ்சலும் வரல. அதனால இப்ப பல இடங்கள்ல ஒரு நர்ஸை கூட நிறுத்தி விரும்பறவங்களை உள்ள விடறாங்க. இது இல்லாம போனது உங்களுக்கு நடந்த குறைதான், அதைக் குறைன்னே எழுதிக் குடுங்க.

கேஸ், போஸ்ட்மார்ட்டம்

கேஸ் போடறது உங்க உரிமை, அதை வேண்டாம்னு சொல்ற இடத்துல நான் இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி முழு ரெக்கார்டையும் எழுத்துல கேட்டு வாங்குங்க. சம்மரி போதாது. கேஸ் ஷீட், இசிஜி பேப்பர், மருந்து குடுத்த நேரம் போட்ட சார்ட், மானிட்டர் பிரிண்ட் இருந்தா அதுவும். அதை எடுத்துக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இதய டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் நான் சொன்னதுக்கு மாறா ஏதாவது சொன்னா தாராளமா வக்கீலைப் பாருங்க, எந்த நாட்டுலயும் இதுக்குக் காலக்கெடு உண்டு, அதனால ரெக்கார்ட் கேட்கறதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. சத்தம் போடறதுக்காகப் போடற கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க அந்த 4.40க்குத் திரும்பிப் போகணும்.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு சொன்னதுக்கு உங்களை நீங்க திட்டிக்க வேண்டாம். இசிஜி இவ்வளவு தெளிவா இருக்கறப்ப அது புதுசா சொல்லியிருக்கக் கூடியது கம்மி, பெருந்தமனி கிழிஞ்சு அதனால அட்டாக் வந்ததாங்கறது மாதிரி அபூர்வமான சந்தேகங்களைத் தீர்த்திருக்கும், ஊசி பேச்சுக்கும் ஒரு முடிவு கட்டியிருக்கும், அவ்வளவுதான். படிக்கற மத்தவங்களுக்குச் சொல்றேன், காரணம் புரியாத திடீர் சாவு, சின்ன வயசு, மருந்து மேல சந்தேகம், இதுல எது இருந்தாலும் போஸ்ட்மார்ட்டத்தை வேண்டாம்னு சொல்லாதீங்க, பின்னாடி கேட்டா கிடைக்காது.

உங்களுக்கும் அண்ணனுக்கும்

இதை நீங்க கேட்கல, ஆனா இந்தக் கடிதத்துல என்னை ரொம்பக் கவலைப்படுத்தினது ஒரு ஓரத்துல நீங்க எழுதிட்டுப் போன வரி, அப்பா போனதுல இருந்து அண்ணன் திரும்ப சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சிட்டார்னு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள, அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ 65க்குள்ள இதய நோய் வந்திருந்தா, அதைச் சீக்கிரம் வந்ததுன்னு கணக்குல எடுத்துக்குவோம், பிள்ளைங்களுக்கும் ஆபத்து கூடுதல். உங்க அப்பாவுக்கு 53. ரெண்டு பேரும் இந்த மாசமே சுகர், கொலஸ்ட்ரால், பிபி பார்த்துடுங்க, டாக்டர்கிட்ட அப்பாவோட வயசைச் சொல்லியே பாருங்க. ஊசி கொன்னுச்சுன்னு அண்ணன் நம்பிக்கிட்டு இருக்கற வரைக்கும் இதுல தனக்கு ஒரு பங்கு இருக்குன்னு அவருக்குப் புரியாது, காரணம் எதுன்னு சரியா தெரிஞ்சுக்கறது இதுக்காகவும்தான். நீங்க தினமும் 4 மணிக்கு முழிச்சுக்கறதா எழுதியிருக்கீங்க, மூணு மாசம் ஆயும் குறையலன்னா ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, அதுல வெட்கப்பட ஒன்னும் இல்ல.

கடைசியா ஒன்னு. கேஸுக்கு முன்னாடி, அன்னைக்கு டியூட்டியில இருந்த டாக்டரைச் சந்திக்க நேரம் கேளுங்க, பெரும்பாலான ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. அவருக்கும் அந்த 44 நிமிஷம் ஞாபகம் இருக்கும், 53 வயசு முகம் லேசுல மறக்காது. போறப்ப சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. அண்ணனையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அந்த நீலத்தைப் பத்தி அம்மாவே அவர்கிட்ட கேட்கட்டும்.